மூன்றாவது பாட்டு முடிந்ததும்

கிளாஸ்கோ,
4 பிப்ரவரி 2017

மதிப்பிற்குரிய செங்கா பெய்லி அம்மாவுக்கு,

வணக்கம். நான் டூகல் மெக்காஸ்கில், 'ஈர சாக்ஸ்' குழுவில் பாடுகிறவன். உங்கள் முகவரி எனக்கு எப்படித் தெரியும் என்று குழம்ப வேண்டாம். எங்கள் இசைத்தட்டுகளை நானேதான் சமையலறை மேஜையில் வைத்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். செங்கா பெய்லி, கிரீனக் என்று எழுதி எழுதி மனப்பாடமே ஆகிவிட்டது. எங்கள் தட்டு ஒன்றைக்கூட நீங்கள் விட்டதில்லை. அதற்கு மனமார்ந்த நன்றி.

ஒரு சின்ன வேண்டுகோள். கச்சேரிகளில் மேடைக்கு இடது பக்கம், முதல் வரிசையில், பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பவர் நீங்கள்தான் என்று எங்கள் டிரம்ஸ்காரர் சொல்கிறார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான் கிதாருக்குச் சுருதி சேர்க்க நிற்பேன். அந்த நேரம் பார்த்து "ரோத்ஸே படகு!" என்று கத்துகிறீர்கள். லீட்ஸில் கத்தினீர்கள். கார்டிஃபில் கத்தினீர்கள். அபர்டீனில் வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அங்கேயும் கத்தினீர்கள். இப்போதெல்லாம் மூன்றாவது பாட்டு முடிந்தாலே கூட்டம் மொத்தமும் உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தயாராகிவிடுகிறது.

அந்தப் பாட்டை நாங்கள் பாடுவதில்லை. தயவுசெய்து இனிமேல் கேட்காதீர்கள்.

அன்புடன்,
டூகல்


கிரீனக்,
9 பிப்ரவரி

மாண்புமிகு டூகல் மெக்காஸ்கில் அவர்களுக்கு,

உங்க கையெழுத்தைக் கவர் மேல பாத்ததும் புதுத் தட்டு வருதாக்கும்னு ஆசையாப் பிரிச்சேன். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பாக்கிறவ. பிள்ளைங்களை "வாயை மூடிட்டுச் சாப்பிடு"ன்னு அதட்டறதே என் பொழப்பு. என்னை வாயை மூடச் சொல்ல இதுவரைக்கும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. உங்களுக்கு வந்துடுச்சு. நல்லாயிருங்க.

கார்டிஃபுக்கு எப்படி வந்தேன்னு தெரியுமா? பஸ்ஸுல. பக்கத்து சீட்டுக்காரர் என் தோள் மேலயே தூங்கிட்டு வந்தார். பெல்ஃபாஸ்டுக்குக் கப்பல்ல வந்தேன், குடலே வெளிய வந்துடுச்சு. அப்படி வந்தும் கதவு திறக்கறப்பவே உள்ள போயிடுவேன். முதல்ல பாடற சின்னக் குழுவையும் கேட்டுக் கைதட்டாம, நேரா பெரிய குழுவுக்கு மட்டும் வர்ற ஜாதி நான் இல்ல. இவ்வளவு பண்றவளுக்கு ஒரு பாட்டுக் கேக்க உரிமை இல்லையா?

பாட்டை எழுதினது நீங்க. தட்டுல போட்டது நீங்க, பின்பக்கம்தான்னாலும் போட்டீங்க. இப்பப் பாட மாட்டேங்கறீங்க. ஏன்? காரணம் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன். சொல்லலேன்னா அடுத்த வாரம் எடின்பரோவில் பாத்துக்கலாம்.

இடது ஓரத்துக்காரி,
செங்கா


கிளாஸ்கோ,
22 பிப்ரவரி

செங்கா அம்மாவுக்கு,

எடின்பரோவில் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவை பின்வரிசைப் பையன்கள் சிலரும் உங்களோடு சேர்ந்து கத்தினார்கள். திருப்திதானே?

காரணம் கேட்டீர்கள். அந்தப் பாட்டுக்குத் தந்திகளை வேறு மாதிரி கட்ட வேண்டும். அதற்கென்றே நீலக் கிதார் ஒன்று வைத்திருந்தேன். வேனோடு திருடு போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். இதில் ரகசியம் எதுவும் இல்லை.

உங்கள் பயணக் கதைகளைப் படித்துச் சிரித்தேன், சங்கடமாகவும் இருந்தது. எங்களுக்காக ஒருவர் குடல் வெளியே வருகிற அளவுக்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

அன்புடன்,
டூகல்


கிரீனக்,
1 மார்ச்

டூகல் தம்பிக்கு,

உங்களைவிட நான் மூத்தவ, அதனால தம்பின்னே கூப்பிடறேன். கோவிச்சுக்காதீங்க.

பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமாச் சொல்லணும் தம்பி. திருடு போன நீலக் கிதார் போன வருஷம் லீட்ஸில் உங்க கழுத்துலதான் தொங்கிச்சு. கீழ் மூலையில பெயிண்ட் பேந்த அதே கிதார், ஆனாலும் அந்தப் பாட்டைப் பாடலை. நான் முதல் வரிசை. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.

சரி, நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன், எனக்கு ஏன் அந்தப் பாட்டுன்னு. தொண்ணூறாம் வருஷம், கிளாஸ்கோவில் அந்த மாடி பாரில் உங்க முதல் தட்டு வெளியிட்டீங்க. நானும் என் தோழி ஷோனாவும் வந்திருந்தோம். நீங்க எல்லாம் மேடையை விட்டு இறங்கினீங்க. எனக்குக் கடைசி ரயிலுக்கு நேரமாச்சு, காலையில வேலை. "அவ்வளவுதான்டி, இனிமே வர மாட்டாங்க"ன்னு பெரிய விவரம் தெரிஞ்சவ மாதிரி சொல்லிட்டு ஓடினேன். ஷோனா நின்னுட்டா. கூட்டம் விடாம கைதட்டிக் கூப்பிட்டதும் நீங்க திரும்பி வந்து 'ரோத்ஸே படகு' பாடினீங்க. அதுக்கப்புறம் பாடவே இல்ல.

ஷோனா இப்போ கனடாவில் பேரன் பேத்தி எடுத்துட்டா. இன்னும் கிறிஸ்மஸ் அட்டை அனுப்பறப்ப அடியில "நான் கேட்டேன், நீ கேக்கலை"ன்னு எழுதறா. வயிறு எரியாதா?

கச்சேரிக்குப் போற எவளும் செய்யக்கூடாத தப்பு அது. கடைசி ரயிலை விட்டுட்டு நடைமேடையில படுத்திருக்கணும். அப்புறம் எத்தனையோ தடவை படுத்தேன், ஆனா அந்தப் பாட்டுக்காக இல்ல.

இன்னொண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தட்டுல ரெண்டாவது குரல் ஒரு பொண்ணு. பாட்டு முடியறப்ப அவ திடீர்னு சிரிக்கிறா. தட்டோட உறையில அவ பேரே இல்ல. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கும் சிரிப்பு வந்துடும். அன்னிக்கு மேடையில பேஸ் கிதார் வாசிச்ச பொண்ணா? யாரு தம்பி அவ?

அன்புள்ள அக்கா,
செங்கா


கிளாஸ்கோ,
19 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். உங்களிடம் பொய் எடுபடாது என்று புரிந்துவிட்டது.

அவள் மோரக். என் தங்கை. எங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவள். அந்தப் பாட்டு இரண்டு பேர் பாட வேண்டியது, பாதி வரி எனக்கு, பாதி வரி அவளுக்கு. பதிவு செய்தபோது கடைசி வரியில் அவளுக்குச் சுருதி தப்பிவிட்டது. தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தாள். நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டோம். உறையில் தன் பேர் வேண்டாம் என்றவளும் அவள்தான்.

நீங்கள் ரயிலுக்கு ஓடினீர்களே, அன்றைக்குப் பாட்டு முடிந்ததும் கிதாரைக் கழற்றி ஸ்பீக்கர் மேல் வைத்தாள். "எனக்கு வேனில் தூங்கி அலுத்துப் போச்சு டூகல், நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். அவள் ஒரு வாரம் பார்த்தாள் போலிருக்கிறது. அப்புறம் நிஜமாகவே போய்விட்டாள். இப்போது ரோத்ஸே ஊருக்குப் போகிற அந்தப் படகிலேயே டிக்கெட் சரிபார்க்கிற வேலை பார்க்கிறாள் என்று யார் யாரோ சொல்லித்தான் தெரியும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவள் கூப்பிடுவாள் என்று நான் இருந்தேன், அவளும் அப்படியே இருந்திருப்பாள்.

ஒவ்வொரு ஊரிலும் நீங்கள் அந்தப் பாட்டின் பேரைக் கத்தும்போது எனக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைத்தான் பார்க்கிறேன். அவள் இல்லாமல் பாதிப் பாட்டை எப்படிப் பாடுவது?

இன்னொரு செய்தி. குழுவைக் கலைக்கிறோம். முட்டி வலி, வேலை, குடும்பம், எல்லாருக்கும் ஒவ்வொன்று. ஏப்ரல் 22, பெய்ஸ்லியில் கடைசிக் கச்சேரி. வாருங்கள். ஆனால் அன்றைக்கு மட்டும் கத்தாதீர்கள் அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தம்பி,
டூகல்


கிரீனக்,
24 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

உங்க கடிதம் படிச்சேன். உங்களைக் குத்திக் குத்திக் கேட்டிருக்கேனேன்னு அழுகையே வந்துடுச்சு. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேனா?

கத்த மாட்டேன். எங்க அம்மா மேல சத்தியம். அந்தப் பாட்டை நேர்ல கேக்காமலே போகணும்னு இருந்தா போறேன். ஷோனா கிறிஸ்மஸ் அட்டையில என்ன வேணா எழுதிக்கட்டும்.

பெய்ஸ்லிக்கு வர்றேன். இடது ஓரம். அதே பச்சைக் கோட்டு.

உங்கள் அக்கா,
செங்கா

பின்குறிப்பு: முட்டிக்குச் சூடா ஒத்தடம் கொடுங்க. கச்சேரி அன்னிக்கு உக்காந்து பாடினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.


கிளாஸ்கோ,
25 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கே போனீர்கள்?

மூன்றாவது பாட்டு முடிந்தது. நான் சுருதி சேர்த்தேன். அரங்கம் மொத்தமும் உங்களைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். யாரோ ஒருவர், "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதுகூட மேடைக்குக் கேட்டது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் கத்தும்போது இருந்த எரிச்சலைவிட அது மோசமாக இருந்தது. அதற்கப்புறம் எந்தப் பாட்டைப் பாடினேன், எப்படிப் பாடினேன், ஒன்றும் நினைவில்லை.

இறங்கிப் போய்த் திரும்பி மேடைக்கு வந்ததும், மற்றவர்களிடம்கூடச் சொல்லாமல் 'ரோத்ஸே படகு' ஆரம்பித்துவிட்டேன். மோரக்கின் வரி வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். கூட்டம் பாடியது அக்கா! எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஊர் ஊராகக் கத்தியதில், அப்படி என்னதான் பாட்டு அது என்று ஆளாளுக்குத் தேடிக் கேட்டிருக்கிறார்கள். நான் இடது பக்கம் திரும்பினேன், உங்களுக்குக் காட்ட. நீங்கள் இல்லை. மறுபடியும் கடைசி ரயிலா? என் வாழ்க்கையில் இவ்வளவு கோபம் வந்ததில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. கடைசி வரி முடிந்ததும் எல்லாரும் கப்சிப் என்று இருந்தார்கள், தட்டில் சிரிப்பு வருகிற இடம் அல்லவா. அப்போது, மேடைக்கு இடது பக்கம் புழுக்கத்துக்காகத் திறந்து வைத்திருந்த கதவுக்கு வெளியே ஒரு பெண் சிரித்தாள். சரியாக அந்த இடத்தில். கிதாரைப் போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். வெளியே காவல்காரர் மட்டும் சிப்ஸ் தின்றுகொண்டு நின்றார்; கேட்டதற்கு, "யாரோ ஒருத்தி, போயிட்டா" என்றார்.

அது மோரக்தானே? வந்திருக்கிறாள், இல்லையா? நீங்கள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள். போகும்போது யாரையாவது பார்த்தீர்களா? உடனே எழுதுங்கள். நான் தூங்கவே இல்லை.

டூகல்


கிரீனக்,
27 ஏப்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

உக்காந்து படிங்க.

நான் ரயிலுக்குப் போகலை. மூணாவது பாட்டுக்கு அப்புறம் கையால பொத்தி எப்படியோ சமாளிச்சுட்டேன். ஆனா நீங்க இறங்கிப் போனதும், திரும்பி வர்றப்ப என் வாய் சும்மா இருக்காதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேனே. அதனால பக்கத்துக் கதவு வழியா வெளிய வந்துட்டேன்.

வந்து கோட்டுப் பட்டன் போடலை, உங்க கிதார் கேக்குது. முதல் தந்தியிலயே தெரிஞ்சு போச்சு. திரும்பி ஓடினேன். காவல்காரர் குறுக்க கையை நீட்டிட்டார். வெளிய வந்தா வந்ததுதானாம், மறுபடி உள்ள விட மாட்டாராம். "யோவ், அது என் பாட்டுய்யா! அதுக்காகத்தான்யா இத்தனை வருஷமாக் கத்தறேன்!" அப்படின்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க கண்ணு"ன்னுட்டு என் கையில ரெண்டு சிப்ஸை வெச்சார். அவர்கிட்ட மல்லுக்கட்டினா பாட்டு முடிஞ்சிடும். திறந்திருந்த கதவோரமா, சுவத்துல சாஞ்சு காதைத் தீட்டிக்கிட்டேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு, கேட்டேன் தம்பி. முழுசாக் கேட்டேன்.

உங்க தங்கச்சி வரி வந்தப்ப நானும் பாடினேன். உள்ள அத்தனை பேரு, வெளிய நான் ஒருத்தி. கடைசி வரியில காவல்காரர் முகத்தைச் சுளிச்சு, "அம்மா, சுருதி தப்புது"ன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். அந்த மூஞ்சியோட உங்களைப் பாக்க வெக்கமா இருந்துச்சு, நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்.

நீங்க கேட்ட சிரிப்பு அதுதான். மோரக் இல்ல. நான்.

தெரியலைன்னு எழுதிடலாமான்னு நேத்து பூரா யோசிச்சேன். அவதான் வந்தான்னு நினைச்சுக்கிட்டு நீங்க நிம்மதியா இருப்பீங்க. ஆனா அப்புறம் அவ மறுபடி வருவான்னு கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க, அவளும் அங்க உக்காந்திருப்பா. இத்தனை வருஷம் பண்ணின அதே வேலைதான். முன்னப்பின்ன தெரியாத என்னை வாயை மூடுன்னு எழுத உங்களுக்குத் தெரிஞ்சுது. கூடப் பிறந்தவளை ஒரு வார்த்தை பேசுன்னு எழுதத் தெரியாதா?

படகுத்துறை எனக்குப் பக்கம்தான். வர்ற ஞாயித்துக்கிழமை போறேன், அவ இருக்காளான்னு பாக்கறேன். இப்ப எப்படி இருப்பான்னு பாக்க எனக்கும் ஆசையா இருக்கு. நீங்க அவளுக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்புங்க, கையில கொடுத்துட்டு வர்றேன். நீளமா வேண்டாம். பெய்ஸ்லியில அவ வரியை யார் பாடினாங்கன்னு மட்டும் எழுதினாப் போதும்.

சனிக்கிழமைக்குள்ள கடிதம் வரலேன்னா வெறுங்கையோட போவேன். படகுல முதல் வரிசையில இடது ஓரமா நின்னு, அவ டிக்கெட் கேக்கறப்ப உங்க பேரைக் கத்துவேன். நான் கத்தினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அக்கா,
செங்கா