ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்த ஜானகியம்மாள்

கடத்தூர்,
18.4.1986

அன்புள்ள மரியசெல்வத்துக்கு,

மாதா அருளால் நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. பிரசவ வலியில் இருந்த முனியம்மாள் என்ற பெண்ணை எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய ஜீப்பில் தர்மபுரிக்கு ஏற்றிப் போனேன். பாதி வழியில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஒழுகவில்லை, ஃபேன் பெல்ட்டும் சரியாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஜானகியம்மாள் என்பவர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, இன்ஜின் அந்தக் கொதி கொதிக்குது, இது சில்லுனு கெடக்குதுங்களே?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. சுடுதண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மாஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆறியதும் அதைக் கழற்றி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதுவரை ஜானகியம்மாள் முனியம்மாளின் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். அதன்பிறகு வண்டி சூடாகவில்லை. ஆஸ்பத்திரி சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

நேற்று ஜானகியம்மாளுக்கு நன்றி சொல்லப் போனேன். "அதுக்கு என்னங்க, வூட்டுக்குள்ள வாங்க, ஒரு வாய் சாப்புடுங்க" என்று களி போட்டார். ஒருவர் பரிமாறிச் சாப்பிட்டு நாளாகிவிட்டது, செல்வம்.

உன் கருவாட்டுக் குழம்புக்கு எவ்வளவு புளி என்று எழுது. கடிதம் நீளமாகவே இருக்கட்டும்.

டாக்டரம்மா கூப்பிடுகிறார்கள், வண்டி எடுக்க வேண்டும்.

உன்
சூசைமாணிக்கம்