ஹெக்டரின் சிவந்த வயிறு

பிரிக்ஸ்டன், ஜோகன்னஸ்பர்க்
நவம்பர் 6

கிடைக்கிறது அம்மா. நாயையும் பூனையையும் வரைந்தால் சாப்பாடு கிடைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் போன் அறுந்துவிட்டது. அறுந்திருக்காவிட்டாலும் அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். கதவைப் பூட்டினாயா, களி கிண்டினாயா, ராத்திரிக்கு என்ன போர்த்துகிறாய். உங்களோடு போனில் பேசுவது வகுப்பில் எழுந்து நின்று ‘உள்ளேன்’ சொல்வது மாதிரி. அதனால் எழுதுகிறேன். உங்கள் முன்னால் முழந்தாளிட்டு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இதை ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாதான் படித்துக் காட்டுவார் என்று தெரியும். முதல் தாளை அவர் படிக்கட்டும். இரண்டாவது தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். பெரியம்மா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வேலை இதுதான். ஆட்கள் செல்போனில் படங்கள் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் செத்துப்போன பிராணிகள். படம் மட்டும் போதாது என்று சொல்லிவிடுவேன். கதை வேண்டும். உங்களுக்கே உபயோகமில்லை என்று தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள் என்பேன். சோவெட்டோவிலிருந்து ஓர் ஆசிரியர் தன் கிளிக்காக ஒன்பது நிமிடம் பேசி அனுப்பினார். கடைசியில், “அது என் மாமியார் குரல்ல என்னைத் திட்டும்மா. மாமியார் போயிட்டாங்க, இப்ப கிளியும் போச்சு. வீட்ல என்னைத் திட்ட ஆளில்ல” என்றார். அந்தக் கிளியை அலகு திறந்தபடி வரைந்தேன். வாங்கிக்கொண்டு, “இதேதான், இப்பவே திட்டுது” என்றார். நான் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் எனக்கு நன்றி சொன்னார். இந்த வேலையில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்றே தெரிவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் எமரன்ஷியாவிலிருந்து ஒருவர் எழுதினார். வயதானவர். வீட்டை விற்றுவிட்டு, முதியோருக்கான இரண்டு அறை வீட்டுக்குப் போகிறாராம். புது வீட்டுச் சுவருக்கு அவருடைய நாயின் படம் வேண்டும். நாய் செத்துப் பல வருடம் ஆகிறது. முப்பத்தொரு படங்கள் அனுப்பியிருந்தார். பழுப்பு நிறம். முதுகுத்தண்டின் மேல் ஒரு வரி மயிர் மட்டும் எதிர்ப்பக்கமாக வளர்ந்திருக்கும் பெரிய நாய்.

பதினேழாவது படத்தின் ஓரத்தில் ஒரு கை. நீல மேலங்கி, முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு. கையில் நாயின் சோற்றுக்கிண்ணம்.

உங்கள் கை.

மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். மிஸஸ் கில்ஃபில்லன். நாயின் பெயர் ஹெக்டர்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வீட்டில் வேலை செய்த இருபத்திரண்டு வருடமும் அவர்களுக்கு நீங்கள் ‘கிரேஸ்’. என்னைப் பார்த்ததும் இல்லை. நானும் சொல்லவில்லை. மற்றவர்களிடம் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டேன்.

அம்மா, தாளைத் திருப்புங்கள்.

*

அந்த நாயை எனக்குப் பிடிக்காது. உங்களிடம் சொன்னதில்லை.

எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெரியம்மாவின் போனைக் காதில் வைத்து, பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நீங்கள் வேறு யாரிடமோ, “தள்ளிப் படுடா, ரூம் முழுக்க உனக்கேவா?” என்றீர்கள். அந்தக் குரலில் என்னிடம் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. யார் அது என்று பெரியம்மாவைக் கேட்டேன். அவர் கீரையை நறுக்கிக்கொண்டே, “உங்கம்மாவுக்கு அங்க ஒரு புள்ள இருக்கான்டி. உன்னைவிட நல்லாத் தின்னுவான், சொன்ன பேச்சும் கேப்பான்” என்றார். ஒரு வருடம் அதை நம்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் போனுக்கு வராமல் இருந்தது அதனால்தான். நாலு கால் பிள்ளை என்று தெரிந்த பிறகும் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

இப்போது அவன் முப்பத்தொரு படங்களில் என்னைப் பார்க்கிறான். நான் அவன் கண்ணை வரைய வேண்டும்.

மிஸஸ் கில்ஃபில்லன் சொன்ன கதைகளில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும், உங்கள் பக்கத்திலிருந்து. ஒரு கதையை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“இடி மழை வந்தா அவன் காணாமப் போயிடுவான். வீடு பூரா தேடுவோம். எங்க போறான்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. மழை விட்டதும் வருவான், வயித்துப் பக்கம் ஒரே சிவப்பா இருக்கும். தோல் வியாதின்னு பயந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். அவர் ஆயின்மென்ட் கொடுத்தாரு. ரெண்டு வருஷம் தடவினோம். அவன் எங்க சந்தோஷமா இருந்தானோ அந்த இடத்துல அவனை வரைஞ்சு குடும்மா. அந்த இடம் எனக்குத் தெரியல, அதான் கஷ்டம்.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

முற்றத்துக்கு அப்பால் நீங்கள் தங்கியிருந்த பின்னறையின் சிவப்புத் தரை. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் மண்டியிட்டுச் சிவப்பு மெழுகு பூசித் தேய்த்த தரை. குட்டைப் பேய் எட்டிவிடக் கூடாதென்று கால் ஒன்றுக்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்திய கட்டில். நம் ஊரில் எல்லாக் கட்டிலும் அப்படித்தான். அதனால்தான் அவ்வளவு பெரிய நாய் அடியில் நுழைய முடிந்தது. “டாக்டர் நம்ம தரை மெழுகுக்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்காருடி” என்று போனில் நீங்கள் சொன்னதும், நான் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பின்னறைக்கு நாய் போகக் கூடாது என்பது அந்த வீட்டு ஐயாவின் சட்டம். போனால் காவலை மறந்துவிடுமாம். “கிரேஸ், ஹெக்டரைப் பாத்தியா?” என்று அம்மையார் கேட்கும்போதெல்லாம், “இல்லை மேடம்.” பதினோரு வருடம்.

சரி, இடம் எனக்குத் தெரியும். வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டில், செங்கல், தரை எல்லாம் வந்துவிட்டன. நாய் வரவில்லை. காதை மடக்கினேன். கண்ணை அகட்டினேன். வாலைக் காலிடுக்கில் செருகினேன். பயந்த நாய் ஒன்று தாளில் இருந்தது. அது ஹெக்டர் இல்லை. அந்த முப்பத்தொரு படங்களோடு சேராத ஏதோ ஒரு நாய். நான்கு தாள் கிழித்தேன். என் பொறாமைதான் கையைத் தடுக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் அவருக்கே எழுதிக் கேட்டேன். பயப்படும்போது அவன் முகம் எப்படி இருக்கும்?

பதில் மறுநாள் வந்தது. “நீ கேட்டதுக்கப்புறம்தான் யோசிக்கிறேன். அவன் பயந்து நான் பாத்ததே இல்ல. புத்தாண்டுக்குத் தெருவே அதிர்ற மாதிரி பட்டாசு வெடிப்பாங்க, என் வீட்டுக்காரரோட செருப்பு மேல தலைய வச்சுக் குறட்டை விடுவான்.”

அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்துக்குப் பயப்படாத நாய். இடி இடித்தால் மட்டும் வீட்டைவிட்டு, அந்த மழையில், முற்றத்தைத் தாண்டிப் பின்னறைக்கு ஏன் வர வேண்டும்?

பெரியம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அவரைத் திட்டாதீர்கள், நான்தான் வற்புறுத்தினேன். “உங்கம்மாவா? இடின்னா என் பாவாடைக்குள்ள தலைய விட்டுக்குவா. சின்னப் புள்ளையில பக்கத்து வீட்டு மாட்டுப்பட்டியில இடி விழுந்துச்சு, அவ கண்ணு முன்னாடி. நீ பொறந்ததுக்கப்புறம் உன் முன்னாடி காட்டிக்க மாட்டா, பல்லைக் கடிச்சுக்கிட்டு பாத்திரம் தேய்ப்பா. ஜோபர்க்ல தனியா என்ன செஞ்சாளோ, எனக்குத் தெரியாது” என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது அம்மா.

அவன் ஒளிந்துகொள்ள வரவில்லை. உங்களுக்காக வந்தான். இருபது வருடமாக நான் அவனிடம் கோபமாக இருந்திருக்கிறேன். நான் நம் ஊர் டொஹோயாண்டுவில் பெரியம்மாவின் போர்வைக்குள் இருந்தபோது, நான் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு, யாரும் கூப்பிடாமல், சட்டத்தை மீறி ஒருவன் வந்திருக்கிறான். நன்றி சொல்ல அவன் இல்லை. வரையத்தான் முடியும்.

உங்கள் அனுமதி வேண்டும். அந்த அறையை வரைந்தால் நீங்கள் சொல்லிவந்த ‘இல்லை மேடம்’ வெளியே வந்துவிடும். வேண்டாம் என்றால் எலுமிச்சை மரத்தடியில் வரைந்து கொடுத்துவிடுகிறேன். அவர் அதற்கும் சந்தோஷப்படுவார். நீங்கள் பயந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

இதைக் கொண்டுவரும் வண்டி ஓட்டுநர் நல்லவர். அவருக்கு ஒரு வாய் தேநீர் கொடுங்கள். உங்கள் முழங்கால் வலி குறையட்டும். நான் தின்ற ஒவ்வொரு கவளத்துக்கும் தேய்ந்த முழங்கால்கள் அவை.

உங்கள் மகள்,
ரோஃபிவா

*

நவம்பர் 24

அன்பான அம்மா,

பெரியம்மா போனில் குரலாக அனுப்பிய உங்கள் பதிலை ஐந்து முறை கேட்டேன். “வரையச் சொல்லு. தரைய மட்டும் மங்கலா வரைஞ்சா நான் அங்க வந்து அடிப்பேன்னு சொல்லு. முகம் பாக்கலாம் அந்தத் தரையில” என்று நீங்கள் பின்னாலிருந்து கத்துவது தெளிவாகக் கேட்டது. நான் கேட்காத கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை. பெரியம்மாவின் இருமல் மட்டும் இருந்தது. சரி.

தரையைப் பளபளவென்று வரைந்தேன். அதில் கட்டில் விரிப்பின் ஓரம் தெரியும். ஹெக்டர் செங்கற்களுக்கு நடுவில் படுத்திருக்கிறான். காதுகள் மேலே. பார்வை கட்டிலை நோக்கி, அங்கே இருப்பவர் மூச்சை எண்ணுகிற மாதிரி. கட்டிலில் யாரையும் வரையவில்லை.

படத்தை நானே எமரன்ஷியாவுக்குக் கொண்டுபோனேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மிஸஸ் கில்ஃபில்லன் இளைத்துவிட்டார். கண்ணாடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இவன்தான், இவனேதான்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “இது எந்த இடம்மா?” என்றார்.

அவருடைய சமையலறை ஜன்னலிலிருந்து இருபதடி தூரம் அம்மா.

சொன்னேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். “கிரேஸோட ரூமா? தரை சிவப்பா?” பிறகு மெதுவாக, “நான் உள்ள போனதே இல்ல” என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கிரேஸின் மகள் என்றேன். அம்மாவின் பெயர் ட்சினாகஹோ என்றும் சொன்னேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அந்த ஆயின்மென்ட்டு…” என்று ஆரம்பித்தார். முடிக்க முடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கம்மா என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இல்ல. சொல்லியிருக்க முடியாது” என்று அவரே சொன்னார்.

வாசல் வரை வந்தார். “ஒண்ணுதான் புரியல. பட்டாசுக்கு அசையாதவன், இடிக்கு மட்டும் ஏன் அப்படிப் பயந்தான்?”

“சில நாய்ங்களுக்கு அப்படித்தான்” என்றேன்.

அந்தப் பொய்யை ஹெக்டர் பொறுத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். அவன் உங்களுக்காக இதைவிடப் பெரியதையெல்லாம் பொறுத்திருக்கிறான், இரண்டு வருட மருந்து உட்பட.

உங்களுக்கு ஒரு சால்வை கொடுத்திருக்கிறார். நல்ல கம்பளி. இன்னொன்றும் சொன்னார்: “அந்த மழையில அவன் தனியா இல்லேன்னு தெரிஞ்சுது. அதுக்கு நன்றின்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” சொல்லிவிட்டேன். அதே வார்த்தையை நான் அவனுக்குச் சொல்ல வேண்டும், உங்களைப் பற்றி.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. வானொலியில் உங்கள் பக்கமும் இந்த வாரம் இடி மழை என்கிறார்கள். அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க வேண்டாம். பெரியம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் கேலி செய்தால் செய்யட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், இன்னும் நிறைய வருடம், என் கண்ணுக்கெட்டும் தூரத்தில்.

உங்கள் இரண்டு பிள்ளைகளில் இளையவள்,
ரோஃபிவா

பி.கு: இதை ஓட்டுநரிடம் கொடுக்கவில்லை. பார்க் ஸ்டேஷனுக்குப் போய், நம் ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஓர் இருக்கை பதிவு செய்தேன். கடிதத்தைச் சால்வைக்குள் மடித்து நானே கொண்டுவருகிறேன்.