கழட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம்

கொட்டாஞ்சேனை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் லோகேஸ்வரன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அப்பா கஞ்சியாவது குடிக்கிறாரா?

கார் கொஞ்சம் கரைச்சல் கொடுக்கிறது, பயப்பட வேண்டாம். மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய கிழட்டு வண்டிதானே. வெள்ளவத்தைக்கு ஆள் ஏற்றி ஹயர் போகும்போது புகை கக்கி நின்றுவிட்டது. ஏறியிருந்த பொம்பிளை நடுரோட்டில் குடையை ஆட்டி ஆட்டித் திட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் ஸியாம் பாஸ் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். "எஞ்சினக் கழட்டினாத்தான் என்னண்டு சொல்ல ஏலும். கழட்டின பொறகு வேணாம், மூடுங்கண்டு சொல்ல ஏலா. கழட்டாட்டி இப்பிடியே கொஞ்ச நாளைக்கு ஓடும். நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி வாங்கித் தந்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். நேற்றும் போய்ச் சும்மா திரும்பினேன்.

ஹட்டன் பஸ்ஸில் யாராவது வந்தால் நீங்கள் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கடைச் சோறு இறங்குவதில்லை.

அப்பாவின் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னதாகவும், மூத்தவன் நான் சொன்னால்தான் கையெழுத்து வைப்பீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அம்மா, நான் இன்னும் ஸியாம் பாஸுக்கே பதில் சொல்லவில்லை.

கராஜ் திறக்கும் நேரம். போகிறேன்.

லோகேஸ்