பெல்ட் எந்தப் படியில்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பெல்ட்டை முதல் படியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி. வேறு யார், என் நாத்தனார்தான். பின்னறையில் இருப்பது மரம் கடையும் மெஷின், ஒரே ஒரு சின்ன லேத். என் கணவரும் அவளும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. காலையில் அவள், மதியம் நான். அவள் கடைவது உளிக்கைப்பிடி மாதிரி சின்னச் சாமான். நான் கடைவது பெரிய மரக் கிண்ணம். பெல்ட் ஓடும் சக்கரத்தில், அதாவது புல்லியில், நான்கு படி. முதல் படியில் பெல்ட் கிடந்தால் மரம் படுவேகமாகச் சுற்றும், கடைசிப் படி என்றால் மெதுவாகச் சுற்றும். பெரிய கட்டைக்கு மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். யார் முடித்தாலும் கடைசிப் படிக்கு மாற்றிவிட்டுப் போவது என்று பேச்சு. பேச்சு யாருக்கு? எனக்கு மட்டும்தான்.

பெரிய கட்டையை ஏற்றிவிட்டு, பெல்ட்டைப் பார்க்காமல் சுவிட்சைத் தட்டிவிட்டேன். கட்டை பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்துவிட்டது.

"பாத்துட்டுப் போட வேண்டியதுதானே அண்ணி?" என்கிறாள். சிரிப்பு வேறு!

கணவரிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காத." இவர் என்றைக்கு என் பக்கம் நின்றார்?

மார்ச் 5

அவளோடு பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

மார்ச் 9

வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையில் வீடு முழுக்கத் தேடட்டும்.

மார்ச் 11

கடைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்துவிட்டாள்! இப்போது ஆளுக்கொரு பெல்ட். வேலை முடிந்தால் அவரவர் பெல்ட்டை அவரவர் கழற்றி எடுத்துப் போகிறோம். "வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கடி," என்கிறார் மாமியார். சிரிக்கட்டும். எனக்கு உயிர் பெரிது. நானே மாட்டும்போது எந்தப் படி என்று பார்த்துத்தானே மாட்டுகிறேன்.

மார்ச் 20

வயிறு எரிகிறது. வழக்கமாக என் கிண்ணங்களை வாங்கும் கடைக்காரர் நாத்தனாரிடம் பெரிய கிண்ணம் கேட்டிருக்கிறார். இவளும் "செஞ்சு தரேன்" என்று தலையாட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு கிண்ணம் கடைந்ததில்லை! என் பிழைப்பில்தான் கை வைக்க வேண்டுமா?

மார்ச் 22

எழுதக் கை வரவில்லை.

காலையில் துடைப்பம் எடுக்கப் பின்னறைக்குப் போனேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கட்டையை லேத்தில் ஏற்றியிருக்கிறாள். பெல்ட் முதல் படியில். தினமும் கைப்பிடிக்கு மாட்டுகிற கை, பழக்கத்தில் அங்கேயே மாட்டியிருக்கிறது. கட்டைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சுவிட்சைத் துழாவுகிறாள்.

நான் நின்றேன். ஒரு நொடி, சும்மா நின்றேன். பிறகுதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"பொறாமை! பொறாமையில கரண்ட்டப் புடுங்குறீங்க!"

"மூஞ்சி பேந்திருக்கும்டி! பெல்ட்டப் பாரு!"

பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாய் அடங்குமா? "பேந்தா உங்களுக்கு சந்தோஷம்தானே?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு நொடி — சீ, என்ன மனுஷி நான்? பயமாக இருக்கிறது, அவளை நினைத்து இல்லை.

மார்ச் 25

காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் அதே கட்டை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்குக் கடைசிப் படிதானே?"

"கடைசிதான். சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி கையால ஒரு சுத்து சுத்திப் பாரு. நேரா நிக்காத, ஓரமா நில்லு."

"தெரியும்."

எங்கே தெரியும் இவளுக்கு! என் கடைக்காரர், என் கிண்ணம். எரிச்சல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு, மெஷின் சத்தம் சீராகும்வரை பின்னறைக் கதவோரம் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். போங்க என்று சொல்லவில்லை.