வாய்மோலி ஊற்றுக்குளத்தின் வேலிச் சாவியும் காவலர் இயாகொபோவின் வேலையும்

அனுப்புநர்:
திருமதி மகெரிதா ஃபோனோதி,
செயலாளர், மகளிர் குழு,
சலேவாய் கிராமம்,
உபோலு தீவின் தென்கரை, சமோவா.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்புப் பொறியாளர் அவர்கள்,
தென்கரைப் பாலப் பணி அலுவலகம்,
ஆப்பியா.

பொருள்: சலேவாய் ஆற்றுப்பாலப் பணி – அருகிலுள்ள வாய்மோலி ஊற்றுக்குளத்தைப் பணி முடியும்வரை காத்தல் – வேலிச் சாவியை மகளிர் குழுவிடமும் தரவும், காவலர் இயாகொபோவை மீண்டும் பணியில் அமர்த்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 4.3.2016.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட அறிவிப்பில் எங்கள் மீது மூன்று குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நுழைந்தோம். பழங்காலக் கற்களை இடம் மாற்றினோம். ஒப்பந்த நிறுவனத்தின் தற்காலிக மண்கரையை வெட்டினோம். மூன்றும் உண்மை. மண்கரையை வெட்டியவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள் என்றாலும், வெட்டச் சொன்னவர்கள் நாங்கள் என்பதால் அதையும் எங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நடந்தது என்ன என்பதைத் தாங்கள் முழுதாக அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக இம்மனு.

2. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாலம் வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் புயலில் பழைய பாதை அடித்துச் செல்லப்பட்டதிலிருந்து, மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் எங்களுக்கு வேறொரு நாட்டில் இருப்பதாகவே ஆகிவிட்டது. என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் ஆற்றின் இந்தக் கரையில் லாரியின் பின்பக்கத்தில் நடந்தது. பாலத்தின் முதல் தூண் எழுந்த அன்று ஊரே ஆற்றங்கரையில் நின்றது. தங்கள் ஆட்களுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய ஈரப்பலாவும் டாரோக் கிழங்கும் எவ்வளவு என்று அவர்களையே கேட்கலாம்.

3. பாலத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேற்கே இருப்பது வாய்மோலி. எரிமலைப் பாறைக்கு அடியிலிருந்து நன்னீர் ஊறுகிறது. அதைச் சுற்றி, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மூன்று தொட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தலைத்தொட்டி குடிக்க, நடுத்தொட்டி குளிக்க, கடைசித்தொட்டி துணிக்கு. கட்டியது யார் என்று தெரியாது. எங்கள் தேவாலயத்தின் முதல் பதிவேட்டிலேயே "பழைய குளம்" என்றுதான் எழுதியிருக்கிறது. எங்களுக்கு அது குழாய் வருவதற்கு முன்பும் குளம், குழாய் வந்த பிறகும் குளம். தலைத்தொட்டியில் சோப்பு போட்டால் அபராதம் உண்டு. போதகரின் மனைவியே ஒருமுறை ஒரு கோழி கட்டியிருக்கிறார்.

4. கடந்த நவம்பரில் பாலத்துக்குப் பைல் அடிக்கத் தொடங்கினார்கள். இரும்புக் குழாய்களை நிலத்தில் இறக்க அந்த இயந்திரம் ஒவ்வொரு முறை ஓங்கி அடிக்கும்போதும் குளத்துச் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. எங்கள் குழுத் தலைவி திருமதி கொலொதிதா இதை ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் திரு. பவுலோவிடம் சொன்னார். எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று அவர் பணிவாகப் பதில் சொன்னார். கொலொதிதா வாதாடவில்லை. மறுநாள் காலை அவரைக் குளத்துக்கு அழைத்து, ஒரு பெரிய கோப்பையில் சூடான கோக்கோவை விளிம்புவரை ஊற்றிக் கற்சுவரின் மேல் வைத்தார். விருந்தாளிக்கு வைத்ததை எடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று பவுலோ கையை நீட்டினார். அதற்குள் இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. நான்காவது அடியில் கோக்கோ சிந்திக் கல் முழுவதும் வழிந்தது.

"மிச்சம் இருக்கறதையாவது குடிங்க தம்பி," என்றார் கொலொதிதா. "கோப்பையே நிக்கலயே, கல்லு எத்தனை நாளைக்கு நிக்கும்?"

பவுலோ மீதியைக் குடித்தார். காலணியைக் கழற்றிக் கடைசித்தொட்டியில் காலை நனைத்தபடி நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அடிக்கும் நேரம் குறைந்தது. அதிர்வை அளக்க ஒரு கருவியும் வந்தது. நல்ல மனிதர். அவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

5. இருந்தாலும் ஜனவரி முதல் வாரத்தில் கடல்பக்கச் சுவரிலிருந்து மூன்று கற்கள் விழுந்தன. பவுலோ உடனே மேலே எழுதினார், நாங்களும் எழுதினோம். மரபுச் சின்ன ஆய்வாளர் ஒருவர் வந்தார். அவரும் அன்பானவர். குளத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பாலப்பணி முடியும்வரை இதை யாரும் தொடக்கூடாது என்றார். மூன்றே நாளில் குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, கதவு வந்தது, பூட்டு வந்தது. நாங்கள் கேட்டுத்தான் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வேலி போட்ட அன்று நாங்கள் நன்றி சொல்லிப் பாடினோம்.

6. காவலுக்கு எங்கள் ஊர் திரு. இயாகொபோவையே வைத்தார்கள். வயது நாற்பத்து நான்கு. பதினொரு ஆண்டுகள் நியூசிலாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். கொலொதிதாவின் மூத்த மகளுடைய கணவர். உத்தரவை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார். குளிக்க வந்த ஊர்த்தலைவர்களையே திருப்பி அனுப்பினார். முதல் புதன்கிழமை வழக்கம்போல் விளக்குமாறும் கூடையுமாக நாங்கள் பதின்மூன்று பேர் போய் நின்றபோது, எங்களையும்தான்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்தத் தண்ணியத்தான் தலையில ஊத்தினோம். அன்னைக்கு நீங்க யார்கிட்ட உத்தரவு கேட்டீங்க?" என்றார் கொலொதிதா.

"அத்தை, உங்கள உள்ள விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். அப்புறம் வேலி எதுக்கு?" என்றார் இயாகொபோ.

அதில் நியாயம் இருந்தது. ஆகவே திரும்பினோம். கொலொதிதா அன்றிலிருந்து மருமகனோடு பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டை நிறுத்தவில்லை. தினமும் மதியம் வாழையிலையில் கட்டிய பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "அந்த அதிகாரிகிட்ட குடு" என்பார்.

7. இனி நான் சொல்வதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஏழு வாரத்தில் குளம் மாறிவிட்டது. இலைகள் வாய்க்காலை அடைத்து நீர் தேங்கியது. நடுத்தொட்டி பச்சையானது. கொசு வந்தது. இவற்றைவிட மோசம், வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும் அளவுக்குக் கடல்பக்கச் சுவரில் இடைவெளிகள் விழுந்தன. பைல் வேலை நின்றிருந்த வாரங்களிலும் விழுந்தன. காரணம் தெரியாமல் தவித்தோம். பிறகு ஒருநாள் என் கையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பெரிய அலை அடிக்கும் நாட்களில் பெரிய கற்களுக்கு நடுவே செருகியிருக்கும் சிறு கற்களைக் கடல் உருவி எடுத்துவிடும். புதன்கிழமைதோறும் சுத்தம் செய்யும்போது நாங்கள் அவற்றைப் பொறுக்கி, பேசிக்கொண்டே, யார் மகனுக்கு யாரைப் பார்க்கலாம் என்று சண்டை போட்டுக்கொண்டே, திரும்பச் செருகிவிடுவோம். என் கட்டைவிரல் நகம் அதனால்தான் எப்போதும் உடைந்திருக்கும். வேலி வந்தபின் அது வளர்ந்திருந்தது. அது ஒரு வேலை என்று எங்களுக்கே தெரியாது. அதனால் ஆய்வாளரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கத் தவறியதும் நாங்கள் சொல்லத் தவறியதும் சமம்.

8. பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. ஞாயிறு மதியம் வரை விடவில்லை. இயந்திரங்கள் இறங்குவதற்காக ஆற்றின் பாதி அகலத்துக்குப் போட்டிருந்த மண்கரையில் வெள்ளம் முட்டி, திசை மாறிக் குளத்துப் பக்கம் பாய்ந்தது. ஆராதனை முடிந்து, உண்டு, ஊரே உறங்கும் நேரம். ஞாயிறன்று எங்கள் ஊரில் யாரும் வேலை செய்வதில்லை. இயாகொபோ மட்டும் வேலியருகே மழையில் நின்றிருந்தார். சுவர் அசைவதை அவர் கண்டார். ஓடிவந்து, தேவாலயத்து முன் மணியாகத் தொங்கும் பழைய வாயு உருளையைக் கம்பியால் அடித்தார்.

9. நாங்கள் ஆராதனைக்கு உடுத்திய வெள்ளை உடையோடுதான் ஓடினோம். வழியில் போதகர் நின்றார். ஓய்வுநாளில் வேலை செய்ய அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேலைன்னு என்கிட்ட சொல்லாதீங்க," என்றார். "குளிக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போங்க." அப்படியே சொல்லிவிட்டுப் போனோம்.

10. கதவருகே இயாகொபோ சாவியோடு நின்றார். இந்த வேலையை நம்பித்தான் அவர் மகளை ஆப்பியாவில் படிக்க அனுப்பியிருந்தார். ஏழு வாரமாக அவரோடு பேசாத கொலொதிதா, கதவைத் தள்ளிக்கொண்டு போகாமல், அவர் முன்னால் நின்று காத்திருந்தார்.

"வாங்க அத்தை," என்றார் இயாகொபோ. "உத்தரவ நான் பாத்துக்கறேன்."

பூட்டைத் திறந்தார்.

11. மூன்று மணி நேரம் ஆனது. மணி கேட்டு ஓடிவந்த எங்கள் வீட்டு ஆண்கள், நாங்கள் சொன்னபடி மண்கரையில் நான்கு அடி அகலத்துக்கு வாய் வெட்டி வெள்ளத்தை ஆற்றுக்கே திருப்பினார்கள். நாங்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். எந்தக் கல் எங்கே உட்காரும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கல் தவறாக வந்தால் வாங்கியவளுக்கே தெரிந்தது. இயாகொபோ சுவரின் வெளிப்புறம் கடலில் நின்று முதுகைக் கொடுத்துத் தாங்கினார். இருபது முழச் சுவரில் இரண்டு முழம் போயிற்று. மற்றதெல்லாம் நின்றது. எங்கள் வெள்ளை உடைகளில் இரண்டு மட்டுமே மீண்டும் வெள்ளையாயின.

12. திங்களன்று ஆய்வாளர் வந்தார். எந்தக் கற்கள் புதிதாக வைக்கப்பட்டவை என்று தேடினார். நாங்கள் காட்டும்வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அவர் தம் குறிப்பில் எழுதியும் இருக்கிறார். தயவுசெய்து அக்குறிப்பைத் தாங்கள் வரவழைத்துப் படிக்க வேண்டும். அன்றே நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் கதவைத் திறந்தது யார் என்று கேட்டார்கள். மழையில் பூட்டு உடைந்தது என்று சொல்லச் சொல்லி இரண்டு பேர் இயாகொபோவின் காதில் ஓதினார்கள். அந்த இரண்டு பேரில் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவர், "பூட்டு நல்லாதான் இருக்கு. நான்தான் தெறந்தேன்," என்று சாவியை நீட்டினார். செவ்வாயன்று அவரை வேலையிலிருந்து நீக்கி ஒற்றை வரியில் கடிதம் வந்தது.

13. ஆகவே எங்கள் வேண்டுகோள் வருமாறு. மண்கரையில் ஆண்கள் வெட்டிய வாயை மூடாமல், அதில் குழாய் பதித்து வெள்ளம் போக நிரந்தரமாக வழி விடவேண்டும். மீதமுள்ள இரண்டு தூண்களுக்கான இரும்புக் குழாய்களை அடித்து இறக்காமல் துளையிட்டு இறக்க முடியும் என்று பவுலோ சொல்கிறார். நேரம் கூடும் என்றும் சொல்கிறார். நாங்கள் காத்திருக்கத் தயார். வேலி இருக்கட்டும், அதன் இன்னொரு சாவி மகளிர் குழுவிடம் இருக்கட்டும். புதன்தோறும் காலை மட்டும் உள்ளே செல்வோம். ஆய்வாளர் விரும்பினால் எல்லாக் கற்களுக்கும் எண் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் செருகுவது எங்கள் கையாக இருக்கட்டும். எங்களுக்கு விதிக்கப்படும் தண்டம் எதுவானாலும் தலைவணங்கி ஏற்கிறோம்.

14. கடைசியாக, இயாகொபோ. அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்; தெரிந்தால் கோபப்படுவார். தமக்காக யாரும் கெஞ்சக்கூடாது என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். மாமியார் இப்போது அவரோடு பேசுகிறார். அளவுக்கு மேல் பேசுவதாக அவர் என்னிடம் முறையிட்டார். நிறுவனம் அவருக்குப் பதிலாக இன்னும் யாரையும் அனுப்பவில்லை. இருந்தாலும் ஐயா, வேலை போன மறுநாள் காலையிலிருந்து இன்றுவரை அவர் ஆறு மணிக்கு வேலியருகே வந்து உட்காருகிறார். கம்பியில் ஏறும் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார். அலை ஏறும்போது எழுந்து போய்ச் சுவரைப் பார்க்கிறார். எங்களையும் வேலியைத் தாண்ட விடுவதில்லை. புது உத்தரவு வரட்டும் என்கிறார். மாலை ஆறுக்கு வீட்டுக்குப் போகிறார். ஏன் என்று கேட்டேன். "யாராவது இருக்கணுமில்ல," என்றார். இந்த வரியை எழுதும்போதும் என் சன்னல் வழியே அவர் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

அவர் செய்துகொண்டிருக்கும் வேலையைச் செய்யும்படி அவருக்கு ஓர் உத்தரவு அனுப்பி உதவுமாறு, எங்கள் குழுவினர் பதின்மூன்று பேரின் சார்பில் தங்களைப் பணிந்து வேண்டிக்கொள்கிறேன்.

நாள்: 14.3.2016
இடம்: சலேவாய்

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்)
மகெரிதா ஃபோனோதி
செயலாளர், மகளிர் குழு