இரைச்சலில் கேட்டது

அன்பு அம்மாவுக்கு, அல்மாத்தியிலிருந்து நுர்ஸாத்தின் வணக்கம். நீங்கள், அப்பா, குதிரை, கன்றுக்குட்டிகள் எல்லோரும் சுகமா? அறுவை செய்த கண் தேவலையா?

இந்த வாரம் ஒலிப்பதிவில் இரைச்சலை நீக்கும் புரோகிராம் எழுதினோம். பேச்சில்லாத இடத்திலிருந்து இரைச்சலைக் கொஞ்சம் மாதிரிக்குக் கொடுத்தால், கணினி அதை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். சோதித்துப் பார்க்க, "தையல் வேலையைத் தொடவே இல்லை" என்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைத்தான் எடுத்தேன். உங்கள் குரல் பளிச்சென்று வந்தது. கழித்த இரைச்சலைத் தனியே போட்டுக் கேட்ட என் தோழி தில்னாஸ் துள்ளிவிட்டாள்.

"அடியே, இது தையல் மெஷின்டி! தைச்சுக்கிட்டே பொய் சொல்லியிருக்காங்க உங்கம்மா!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடியட்டும் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தயிர் உருண்டை காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். இங்கே கடையில் விற்பதில் உப்பே இல்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. அடுத்த முறை பேசி முடித்ததும் பதிவை உடனே நிறுத்தாதீர்கள். போனை அடுப்புப் பக்கம் ஒரு நிமிடம் சும்மா வையுங்கள். நம் வீட்டு இரைச்சல் கொஞ்சம் வேண்டும்.

பாடத்துக்குத்தான்.

நுர்ஸாத்