உறைபெட்டியின் பின்பக்கப் படம்

அனுப்புநர்:
நிர்வாக இயக்குநர்,
பச்சிளங்குழந்தை நோயறிதல் ஆராய்ச்சி நிறுவனம்,
அச்சகத்துக்கு மேல்மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சிறு நிறுவனங்களுக்கான ஆராய்ச்சி மானியப் பிரிவு.

பொருள்: எங்கள் திட்டத்தை முடித்துவைக்கும் உத்தரவை மறுபரிசீலனை செய்யவும், நேராய்வு அறிக்கையில் விடுபட்டதைச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இரத்தத்தில் கிருமி புகுந்தால், அதை உறுதிசெய்ய மருத்துவமனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. பல குழந்தைகளுக்கு அத்தனை நாள் கிடைப்பதில்லை. குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் கண்டறியும் சோதனையை உருவாக்க, தங்கள் பிரிவின் மானியத்தில் ஆறு ஆண்டுகளாக உழைத்து வருகிறோம். நான், ஓர் ஆய்வக உதவியாளர், நாங்கள் அக்கா என்று அழைக்கும் முன்னாள் செவிலியர் என மொத்தம் மூன்றே பேர். "கம்பெனிய விட போர்டு பெருசா இருக்கே" என்று என் அண்ணன் கேலி செய்வது வழக்கம்.

2. மானியத்தில் வாங்கிய மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் இருநூற்றுப் பதினான்கு குழந்தைகளின் இரத்த மாதிரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து உண்டு. பிள்ளை உயிருக்குப் போராடும் வேளையில் போய்க் கையெழுத்துக் கேட்பது அக்காவின் வேலை. கேட்டு வாங்கிவிட்டு, மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் எங்களிடம் வருவார்.

3. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தங்கள் அலுவலர்கள் இருவர் நேராய்வுக்கு வந்தனர். மரியாதையாகவே நடந்துகொண்டனர். மாதிரிகளை எண்ணுவதற்காக உறைபெட்டியை அடிக்கடி திறந்ததால் அதன் அலாரம் விடாமல் கத்தியது. மூத்த அலுவலர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "காது கிழியுதும்மா, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றார். நான் சாவியைத் திருப்பி அலாரத்தை நிறுத்தினேன்; பிறகு அதை மறுபடி இயக்கவில்லை. இதை எவரும் கேட்காமல் நானே எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

4. பிறகு, தயாரிப்பு எண் பொறித்த தகட்டைப் படம் எடுக்க வேண்டும் என்றனர். தகடு பின்பக்கம் இருந்ததால் இருவருமாகப் பெட்டியை முன்னால் இழுத்தனர். இளைய அலுவலர் படம் எடுத்து, "நம்பர் தெளிவா விழுந்திருக்கா, பாருங்க மேடம்" என்று தன் கைபேசியைக் காட்டினார். தெளிவாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத் தேநீர் குடித்தோம். முகப்புத் திரை பேட்டரியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் உறுமல் நின்றுவிட்டதை எங்கள் மூவரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நேராய்வு நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில் காதும் அடைத்துப்போகும் போலிருக்கிறது. இரண்டு வாரம் ஓய்வில்லாமல் உழைத்தவர்கள் என்று சனி, ஞாயிறு விடுமுறையும் கொடுத்தேன்.

5. திங்கட்கிழமை காலை உறைபெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து கதவு வரை வந்திருந்தது. ஒரு மாதிரிகூட மிஞ்சவில்லை. உதவியாளர் ஒவ்வொரு மாதிரிக் குழாயாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

6. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து வந்த உத்தரவில், "விண்ணப்பதாரரின் பராமரிப்புக் குறைவால் மாதிரிகள் அழிந்தன, திட்டம் முடித்துவைக்கப்படுகிறது" என்று இருக்கிறது. பெட்டியை இழுத்தது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஐயா, உத்தரவுடன் தாங்கள் அனுப்பிய அறிக்கையின் நான்காம் பக்கப் படத்தைத் தயவுசெய்து பாருங்கள். தகடு தெரிகிறது. தகட்டுக்குக் கீழே, தரையில், பிடுங்கிக்கொண்ட பிளக்கும் தெரிகிறது. அன்று அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் எண்ணை மட்டுமே பார்த்தோம்.

7. அலுவலர்கள் மீது நடவடிக்கை கேட்டு நான் வரவில்லை. என் பங்கை மறைக்கவும் கேட்கவில்லை. பிளக் பிடுங்கிக்கொண்டதும், நான் அலாரத்தை நிறுத்தியதும் இரண்டும் அறிக்கையில் இருக்கட்டும். நேராய்வுப் படிவத்தின் கடைசியில், புறப்படும் முன் பிளக்கையும் அலாரத்தையும் சரிபார்க்க ஒரு வரி சேருங்கள். எங்கள் திட்டத்தை முடித்துவைக்காமல், மாதிரிகளை முதலிலிருந்து சேகரிக்க அனுமதி தாருங்கள். அக்கா மீண்டும் மாடிப்படி ஏறத் தயாராக இருக்கிறார்.

8. மனுவில் இடம்பெறக் கூடாததாக இருந்தால் இப்பத்தியை மன்னிக்கவும். அறுபத்தோராம் எண் மாதிரி, பதினோரு நாள் வாழ்ந்த ஒரு பெண் குழந்தையுடையது. அதன் தாயார் தையல்காரர். குழந்தை பிறந்த தேதியில் ஆண்டுதோறும் எங்கள் மாடிக்கு வருவார். "கதவ மட்டும் தொட்டுக்கட்டுமா?" என்று கேட்பார். உறைபெட்டியின் கதவில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்துவிட்டு, தைக்கக் கிடக்கும் துணிகளை நினைவுபடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருவார்.

உறைபெட்டி இப்போது சரியாக ஓடுகிறது. உள்ளே ஒன்றுமில்லை. நான் சொல்லாவிட்டால் அந்தத் தாயாருக்குத் தெரியவே போவதில்லை. கதவு வழக்கம்போல ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால் சொல்லிவிடுவேன். அதற்குத் தங்கள் உத்தரவு தேவையில்லை. சொன்ன பிறகு, "அப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சாம்மா?" என்று அவர் கேட்பார். இல்லை என்று சொல்வதற்குத்தான் தங்கள் உத்தரவு வேண்டும். பதினெட்டாம் தேதிக்கு முன் அது கிடைக்க ஆவன செய்யுமாறு மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஆய்வகம்
நாள்: இம்மாதம் 27

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
நிர்வாக இயக்குநர்

இணைப்பு: நேராய்வு அறிக்கையின் நான்காம் பக்கம். பிளக் இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.